ஒப்பேற்றுவதும் திருத்துவதும்: ஒரு பழைய ரூ-ஸ்ரோக் மோட்டார் சைக்கிளின் கதை

சிலிண்டரின் மூடியைக் கழற்றியதும் மகன் கேட்டான்: "அப்பா, இதுக்குள்ளை ஏன் இவ்வளவு கரி?"

பிஸ்டனின் தலையில் தடித்த கறுப்புப் படை. சுரண்டினால் ஓடு போல உடைந்து வந்தது. புகை வெளியேறும் துவாரம் பாதிக்குமேல் அடைபட்டிருந்தது. ரூ-ஸ்ரோக் இயந்திரத்தில் கரி பிடிப்பது வழமைதான். ஆனால் இந்த அளவுக்குப் பிடிப்பதில்லை.

"இது மண்ணெண்ணெயிலை ஓடின வண்டி, தம்பி" என்றேன்.

வண்டி யமஹா டீ.ரீ. 125. மண் ஒழுங்கையிலும் வயல் வரம்பிலும் ஓடக்கூடிய உயரமான ரகம். கோண்டாவிலில் ஒரு வீட்டுக் கொட்டிலில் கிடந்தது. 1996இல் தென்மராட்சியிலிருந்து திரும்பி வந்தபோது நிறுத்தியது, பிறகு யாரும் தொடவில்லை என்றார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் பழைய மோட்டார் சைக்கிள்களின் விலையும் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. மகனுக்குப் பதினெட்டு வயது. லீசிங்கில் கடனாளியாவதைவிட இதை வாங்கி, கொக்குவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் வைத்துத் திருத்துவோம் என்று முடிவெடுத்தோம்.

இப்படி ஒரு வண்டியை வாங்க நினைப்பவர்கள் முதலில் ஸ்பனரை எடுக்க வேண்டாம். பதிவுப் புத்தகத்தை எடுங்கள். சட்டகத்தில் பொறித்த இலக்கமும் இயந்திர இலக்கமும் புத்தகத்தில் உள்ளதோடு பொருந்த வேண்டும். போர்க்காலத்தில் இயந்திரம் மாற்றிப் பூட்டப்பட்ட வண்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எவ்வளவு அழகாகத் திருத்தினாலும் அப்படிப்பட்ட வண்டியால் வீதியில் தொல்லைதான்.

மண்ணெண்ணெய் செய்த வேலை

1990 யூனில் போர் மீண்டும் வெடித்தபின் குடாநாட்டுக்கு வர விடாமல் தடுக்கப்பட்ட பொருட்களில் பெற்றோலும் ஒன்று. கிடைத்த கொஞ்சமும் தங்கம் போல விற்றது. அந்தக் காலத்தில் நான் ஒரு கராஜில் வேலை பழகிக்கொண்டிருந்தேன். மண்ணெண்ணெய் குளிரில் இலகுவில் ஆவியாகாது. அதனால் கபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை உதைத்து இயக்குவோம். அது சூடானதும் தாங்கியில் உள்ள மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். காங்கேசன்துறை வீதி முழுக்க வெள்ளைப் புகை நிற்கும். நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போனதும் மரக்கறி சந்தைக்குப் போனதும் அந்தப் புகைக்குள்ளால்தான்.

அது பெரிய கெட்டித்தனம் என்று இன்றும் பெருமையாகச் சொல்கிறோம். பெருமைதான். ஆனால் முழுதாக எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் உள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும், கரியைப் படிய விடும், இயந்திரத்தை அளவுக்கு மீறிச் சூடாக்கும். வண்டி ஓடிக்கொண்டே தேய்ந்துகொண்டிருக்கும்.

1993இல் பக்கத்து வீட்டு அண்ணையின் மோட்டார் சைக்கிளை நான்தான் திருத்திக் கொடுத்தேன். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. ரூ-ரீ ஓயில் கிடைக்கவில்லை. வேறு வண்டியிலிருந்து வடித்த பழைய ஓயிலைத் துணியில் அரித்து, கண்மட்டத்துக்குக் கலந்து விட்டேன். தாவடியைத் தாண்டியதும் பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துவிட்டது. அப்படிப் பிடித்தால் பின்சில்லும் அந்த இடத்திலேயே பூட்டிக்கொள்ளும். அண்ணை தூக்கி எறியப்பட்டு, வலது கால் முறிந்தது. இன்றும் அவர் சற்றுச் சாய்ந்துதான் நடக்கிறார். என்னை ஒரு வார்த்தை ஏசியதில்லை. நான்தான் ஓயில் போத்தலைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறேன்.

ஏன் ஓயில் இவ்வளவு முக்கியம்?

நான்கு-ஸ்ரோக் இயந்திரத்தில் அடியில் தனியாக ஓயில் நிற்கும். அதுவே எல்லாப் பாகங்களையும் நனைக்கும். ரூ-ஸ்ரோக்கில் சிலிண்டருக்கும் கிராங்குக்கும் அப்படி ஒன்று இல்லை. கியர் பெட்டிக்கு மட்டுமே தனி ஓயில். காற்றும் பெற்றோலும் ஓயிலும் கலந்த கலவை முதலில் பிஸ்டனுக்குக் கீழே கிராங் அறைக்குள் வருகிறது. பிஸ்டன் கீழிறங்கும்போது அந்தக் கலவை பக்கத் துவாரங்களால் மேலே தள்ளப்பட்டு, அங்கே எரிகிறது. போகிற வழியில்தான் பெயாரிங்கையும் பிஸ்டனையும் நனைத்துச் செல்கிறது. கிராங் சுற்றும் ஒவ்வொரு முறையும் ஒரு வெடிப்பு. வால்வு இல்லை, கம் சாவ்ற் இல்லை. பாகங்கள் குறைவு என்பதால்தான் இதை வீட்டில் வைத்துத் திருத்த முடிகிறது.

ஆனால் இரண்டு விடயங்களை அது மன்னிக்காது. ஒன்று, ஓயில் குறைவது. மற்றது, கிராங் அறைக்குள் களவாகக் காற்றுப் புகுவது. காற்றுக் கூடினால் கலவை மெலியும், சூடு ஏறும், பிஸ்டன் பிடிக்கும்.

கழற்றுவதும் பூட்டுவதும்

பல வருடம் கிடந்த இயந்திரத்தை உடனே உதைக்கக் கூடாது. பிளக்கைக் கழற்றி அந்தத் துளைக்குள் கொஞ்சம் ஓயில் விட்டு, இரண்டு நாள் ஊறவிட்டோம். கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் மகன் கைபேசியில் படம் பிடித்தான். நட்டுகளைத் தனித்தனி யோகட் கோப்பைகளில் போட்டு எழுதி வைத்தான். எங்கள் காலத்தில் எல்லாமே ஒரே தகரத்துக்குள்தான் கிடக்கும்.

டீ.ரீ. 125இன் சிலிண்டர் 56 மி.மீ. விட்டம், பிஸ்டன் ஓடும் தூரம் 50 மி.மீ. தேய்ந்த சிலிண்டரை லேத்தில் கொடுத்துக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் போடலாம். 0.25, 0.50 மி.மீ. என்று படிப்படியாகப் பெரிய பிஸ்டன்கள் கிடைக்கும். முதலில் பிஸ்டனை வாங்கி, அதையும் சிலிண்டரோடு சேர்த்து லேத்காரரிடம் கொடுக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் வேண்டிய இடைவெளி 0.04 மி.மீ. அளவில், ஒரு தலைமயிரின் தடிப்பும் வராது. சரியான அளவை அந்தந்த வண்டியின் கைநூலில் பார்த்துக்கொள்ளுங்கள். தடைக்காலத்தில் தேய்ந்த ரிங்கின் பின்னால் மெல்லிய தகட்டைச் செருகி ஓடவிட்டோம்.

பிஸ்டனைப் பூட்டும்போது அதன் தலையில் உள்ள அம்புக்குறி புகை வெளியேறும் பக்கம் பார்க்க வேண்டும். ரிங்கின் இரு முனைகளும் பிஸ்டன் பள்ளத்திலுள்ள சிறு ஊசியில் பொருந்தி நிற்க வேண்டும். இல்லாவிட்டால் முனை துவாரத்தில் மாட்டி உடையும். பிஸ்டன் முளையைப் பிடிக்கும் கம்பிக் கிளிப்புகள் இரண்டும் புதியவையாக இருக்கட்டும். பூட்டும்போது கிராங் அறையின் வாயைத் துணியால் மூடிவிடுங்கள். கிளிப் உள்ளே விழுந்தால் முழு இயந்திரத்தையும் பிரிக்க வேண்டிவரும்.

பலர் கவனிக்காத இடம் கிராங்கின் இரு பக்கமும் உள்ள இறப்பர் சீல்கள். கிடந்த வண்டியில் அவை காய்ந்து கல்லாகிவிடும். மக்னெற்றோ பக்கத்துச் சீல் போனால் காற்றுப் புகும். மற்றப் பக்கத்துச் சீல் போனால் கியர் ஓயில் உறிஞ்சப்பட்டுப் புகை தள்ளும். மக்னெற்றோ சில்லைக் கழற்றுவதற்கென்றே ஒரு புல்லர் இருக்கிறது. நாங்கள் அன்று சுத்தியலால் அடித்துக் கழற்றினோம். அதில் எத்தனை கிராங் வளைந்ததோ.

காஸ்கெற்றுக்கு அன்று பிஸ்கற் பெட்டி அட்டை வெட்டினோம். இந்த முறை புதியவை போட்டோம். கபரேற்றரைப் பிரித்து ஜெற் துளைகளைக் காற்றடித்துச் சுத்தம் செய்தோம். கம்பியால் குத்தினால் துளை பெருத்துவிடும். கலவையை உள்ளே விடும் மெல்லிய தகடுகளில் முனை உடைந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். சைலன்சருக்குள் இருந்த கரி மட்டும் ஒரு சிரட்டை நிறைய வந்தது.

எல்லாம் பூட்டியபின் ஒரு சோதனை. உள்வாயையும் வெளிவாயையும் இறப்பரால் அடைத்து, சைக்கிள் பம்பால் மெதுவாகக் காற்றடித்து 6 இறாத்தல் அமுக்கத்தில் நிறுத்தினோம். பொருத்துகளில் சவர்க்கார நீரைப் பூசினோம். மக்னெற்றோ பக்கம் குமிழி வந்தது. சீல் சற்றுச் சரிந்து இருந்திருக்கிறது. மறுபடியும் கழற்றினோம். மகன் முகம் சுருங்கியது. "இவ்வளவு சின்னக் குமிழிதானே அப்பா, ஓடும்தானே?" என்றான்.

ஓடும். அன்றும் ஓடியது, தாவடி வரைக்கும்.

அவனுக்கு அந்தக் கதையை அன்றுதான் சொன்னேன். சீலைக் கழற்றிப் புதிதாகப் பூட்டும் வேலையை அவனே செய்தான்.

அளந்து விட்ட ஓயில்

இந்த ரகத்தில் தானாக ஓயில் விடும் பம்ப் ஒன்று உண்டு. எங்கள் வண்டியில் அதை எப்போதோ கழற்றித் துளையை அடைத்திருந்தார்கள். ஆகவே பெற்றோலில் கலந்துதான் விட வேண்டும். புதிதாகக் கட்டிய இயந்திரத்துக்கு ஒரு லீற்றருக்கு 40 மி.லீ. என்று கணக்குப் போட்டோம். மருந்துக்கடையில் வாங்கிய 20 மி.லீ. சிறிஞ்சால் இரண்டு தரம். 2022இல் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று கியூ.ஆர். அட்டையில் பெற்றோல் தந்தபோதும் சிலர் பழைய பழக்கத்தில் மண்ணெண்ணெயைக் கலந்து பார்த்தார்கள். தயவுசெய்து வேண்டாம். முதல் 500 கிலோமீற்றரும் முறுக்காமல், இடையிடையே ஆறவிட்டு ஓட வேண்டும். இயக்கிப் பார்ப்பதும் திறந்த வெளியில்தான். மூடிய கொட்டிலுக்குள் சேரும் புகை ஆளைக் கொல்லும்.

ஒரு ஞாயிறு பின்னேரம் வண்டியை முற்றத்தில் இறக்கினோம். நாலாவது உதையில் பிடித்தது. அந்தப் பழைய சத்தம் கேட்டு, பக்கத்து வீட்டு அண்ணை வேலியோரம் சாய்ந்து சாய்ந்து வந்து நின்றார். கொஞ்ச நேரம் புகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த முறை ஓயில் அளந்து விட்டனியோ?" என்று கேட்டார்.

மகன் சிறிஞ்சைத் தூக்கிக் காட்டினான்.