உங்கள் எண்ணுக்கு யார் சொந்தக்காரர்?

மாணவர்களே, உங்கள் கைப்பேசி எண் எங்கே இருக்கிறது? வகுப்பில் கேட்டால், "சிம் அட்டையில், டீச்சர்!" என்று உடனே பதில் வரும். அது சரியன்று.

சிம் அட்டைக்குள் இருப்பது வேறோர் அடையாள எண். மலேசிய அட்டைகளில் அது 502 என்று தொடங்கும். அதனுடன் ஒரு ரகசியக் குறியீடும் இருக்கும். எந்த அட்டைக்கு எந்தக் கைப்பேசி எண் என்ற விவரம் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் தரவுத்தளத்தில்தான் உள்ளது. அதனால்தான் அட்டை தொலைந்தாலும் பழைய எண் திரும்பக் கிடைக்கிறது. 2008 முதல் நம் நாட்டில் எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்ற முடிவதும் இதனால்தான்.

ஆக, எண் நமக்குச் சொந்தமன்று. வாடகை வீடு போன்றது. இதை நான் அனுபவத்தில் கற்றேன்.

என்னிடம் இரண்டு எண்கள் இருந்தன. ஒன்று போதுமே என்று பழைய எண்ணுக்குப் பணம் போடாமல் விட்டுவிட்டேன். பல மாதங்கள் கழித்து, கிள்ளானில் இருக்கும் அம்மா பழக்கத்தில் அந்த எண்ணை அழைத்தார். எடுத்தவர் முன்பின் தெரியாத ஒருவர்! "உன் எண்ணை யாரோ திருடிட்டாங்க" என்று அம்மா பதறினார்.

யாரும் திருடவில்லை. 012 என்ற முன்னெண்ணுக்குப் பின் 7 இலக்கங்கள். கணக்கிட்டுப் பாருங்கள்: 10 மில்லியன் எண்கள்தான் கிடைக்கும். 011க்குப் பின் 8 இலக்கங்கள் இருப்பதால் 100 மில்லியன் கிடைக்கும். எப்படியும் எண்களுக்கு எல்லை உண்டு. எனவே கைவிடப்பட்ட எண் சில காலம் கழித்து வேறொருவருக்குப் போகிறது.

அப்போதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் மின்னஞ்சலின் கடவுச்சொல் மறந்தால், மீட்புக் குறியீடு அந்தப் பழைய எண்ணுக்கே போகும்! அன்றிரவே அதை மாற்றினேன்.

பிரிக்பீல்ட்ஸில் தோசை சாப்பிட்டுவிட்டு மின்பணப்பையில் பணம் கட்டுகிறோமே, அந்தக் கணக்குக்கும் கைப்பேசி எண்தான் அடையாளம். குறுஞ்செய்தியில் வரும் குறியீட்டை மோசடிக்காரர்கள் கவர முடியும் என்பதால், அதைக் கைவிட்டு மேலும் பாதுகாப்பான முறைக்கு மாறுமாறு 2022இல் பேங்க் நெகாரா வங்கிகளுக்கு அறிவுறுத்தியது.

மாற்று வழிகளில் ஒன்று, குறியீடு உருவாக்கும் செயலி. தொடக்கத்தில் ஒரு ரகசிய எண்ணை உங்கள் கைப்பேசியும் இணையத்தளமும் பகிர்ந்துகொள்ளும். பிறகு அந்த ரகசியத்தையும் அப்போதைய நேரத்தையும் வைத்து இரண்டும் தனித்தனியே ஒரே கணக்கைப் போடும். பொதுவாக 30 விநாடிக்கு ஒரு புதிய குறியீடு. வீட்டில் யாராவது இச்செயலியைப் பயன்படுத்தினால், இணையத்தைத் துண்டித்துவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். குறியீடு அப்போதும் மாறும்!

"அப்படியென்றால் எண்ணே வேண்டாம், வைஃபை போதும்" என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். புலனத்தில் 999ஐ அழைக்க முடியாது.

எண்ணை விடுவதாக இருந்தால், முதலில் அது எங்கெல்லாம் பதிவாகியிருக்கிறது என்று எழுதுங்கள்: மின்னஞ்சல், வங்கி, மின்பணப்பை, புலனம், பள்ளி. ஒவ்வொன்றிலும் மாற்றிய பிறகே விடுங்கள். வீட்டைக் காலி செய்பவர் சாவியைக் கதவிலேயே விட்டுவிட்டா போவார்?

இன்றைக்கே தாத்தா பாட்டியின் பழைய எண்களையும் கேட்டுப் பாருங்கள்.