வீட்டு ஞாபகம் வருதா?

குட்டீஸ், பள்ளிச் சுற்றுலா, சாரணர் முகாம், லீவுக்கு அத்தை வீடு என்று கிளம்பும்போது ஒரே குதூகலம்தான்! பகல் முழுக்க ஆட்டம் பாட்டம். ஆனால், ராத்திரி விளக்கை அணைத்ததும் தொண்டையை ஏதோ அடைக்கும். அம்மா, தம்பி, வீட்டு நாய்க்குட்டி எல்லாம் வரிசையாகக் கண்முன் வரும். 'அழுதால் கேலி செய்வார்களே' என்று போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வீர்கள்.

வெட்கமே வேண்டாம். இப்படி அழுத ஒருவரை உங்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்தான் நம் காந்தித் தாத்தா!

சட்டம் படிப்பதற்காக 1888-ம் ஆண்டு செப்டம்பர் 4-ம் தேதி பம்பாயில் கப்பல் ஏறினார் காந்தி. அப்போது வயது 18. லண்டனில் மனிதர்கள், பழக்க வழக்கங்கள், வீடுகள் எல்லாமே அவருக்குப் புதிது. இறைச்சி சாப்பிட மாட்டேன் என்று அம்மாவுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தார். உப்பு, மசாலா இல்லாமல் வேக வைத்த காய்கறியோ தொண்டையில் இறங்கவில்லை. அரைப் பட்டினிதான்! இரவில் அம்மாவின் நினைப்பு வந்து கண்ணீர் வழியும், தூக்கமே வராது என்று தமது 'சத்திய சோதனை' நூலில் அவரே எழுதியிருக்கிறார்.

ஊர் திரும்பிவிட்டாரா? இல்லை. சைவ உணவு விடுதிகளும் லண்டனில் உண்டு என்று அவர் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மாள் சொன்னார். உடனே தேட ஆரம்பித்தார் காந்தி. தினமும் 10, 12 மைல் நடப்பார். கடைசியில், ஃபாரிங்டன் தெருவில் ஒரு சைவ விடுதி கண்ணில் பட்டது. ஆசைப்பட்ட பொருள் கிடைத்த குழந்தை போல மகிழ்ந்தார். இங்கிலாந்து வந்தபின் அன்றுதான் வயிறார சாப்பிட்டார். பிறகு சைவ உணவுச் சங்கத்தில் சேர்ந்தார், நண்பர்கள் கிடைத்தார்கள். படிப்பை முடித்து 1891-ல்தான் ஊர் திரும்பினார்.

கவனித்தீர்களா? லண்டன் மாறவில்லை. அங்கே அவருக்குப் பழக்கமான இடம் ஒன்று கிடைத்தது, அவ்வளவுதான். போன இடத்தில் எதுவுமே தெரியாதபோதுதான் ஏக்கம் அதிகமாகும். ஒன்றிரண்டு பழகிவிட்டால் மெல்லக் குறையும்.

நீங்களும் இதைச் செய்து பாருங்கள்:

* வீட்டிலிருந்து சின்னப் பொருள் ஒன்றை எடுத்துப் போங்கள். பழைய போர்வையாக இருந்தாலும் சரி.

* முதல் நாளே ஒரு நண்பரையும், பிடித்த ஓர் இடத்தையும் தேடிக்கொள்ளுங்கள். அது ஒரு மரத்தடியாகக்கூட இருக்கலாம்.

* வீட்டுக்குப் போன் பேசுவதை மாலையிலேயே முடித்துவிடுங்கள். படுக்கும் நேரத்தில் குரலைக் கேட்டால் ஏக்கம் கூடலாம்.

* அன்று பார்த்ததை எல்லாம் நோட்டில் எழுதி வையுங்கள். ஊர் திரும்பியதும் தம்பி, தங்கைக்குக் கதை சொல்லலாமே!

* அழுகை வந்தால் ஆசிரியரிடமோ அத்தையிடமோ சொல்லுங்கள். யாராவது அடித்தாலோ மிரட்டினாலோ, உடம்பு சரியில்லை என்றாலோ, அதை மறைக்கவே கூடாது. உடனே வீட்டுக்கும் தெரியப்படுத்துங்கள்.

இன்னொன்றும் உண்டு. அடுத்த முகாமில் நள்ளிரவு பக்கத்துப் படுக்கையில் விசும்பல் கேட்கலாம். கேலி செய்யாதீர்கள். "எனக்கும் வீட்டு ஞாபகம்தான்டா" என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். இரண்டு பேருக்குமே தூக்கம் வந்துவிடும்!