பட்டினத்துக் கடையில் ஒடியற் கூழ்



கூழ் என்றதும் பலருக்கு ஆடிப்பிறப்பே நினைவுக்கு வரும். அது பனங்கட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த இனிப்புக் கூழ். யான் இங்கே சொல்ல வந்தது ஒடியற் கூழைப் பற்றி.

சென்ற மாதம் அலுவல் ஒன்றின் பொருட்டு நயினாதீவிலிருந்து படகேறி, குறிகட்டுவானில் இறங்கி, யாழ்ப்பாணம் சென்றேன். உடன் வந்தவர் என் பழைய மாணாக்கர். கொழும்பில் வளர்ந்த மகனையும் அழைத்து வந்திருந்தார். நண்பகலில் ஒரு சிறு கடையின் வாயிலில் 'ஒடியற் கூழ்' என்று எழுதியிருக்கக் கண்டு உள்ளே புகுந்தோம்.

பீங்கான் கிண்ணத்திலே கூழ் வந்தது. கூடவே ஒரு கரண்டி. பிலாவிலையை மடித்து ஈர்க்குக் குத்திக் குடித்த எனக்கு அக்கரண்டி சற்றே உறுத்தியது. நண்டு, இறால், பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, முருங்கையிலை யாவும் இருந்தன. செத்தல் மிளகாயும் பழப்புளியும் அளவாய்க் கூடியிருந்தன. ஆயினும் கூழ் நீர்த்திருந்தது. ஒடியல் மாவின் மணம் தேடியே உணர வேண்டியதாயிற்று.

“ஐயா, ஒடியல் என்றால் மீனா?” என்று வினவினான் சிறுவன். தந்தை தலை குனிந்தார்.

பனம்விதைகளைப் பாத்தியில் அடுக்கி மண்ணிட்டால் சில திங்களில் கிழங்கு இறங்கும். அதனைத் தோலுரித்து, இரண்டாய்க் கிழித்து, பச்சையாகவே வெயிலில் உலர்த்தினால் ஒடியல். அவித்து உலர்த்தினால் புழுக்கொடியல். ஒடியலை இடித்து அரித்த மாவில் ஒருவகைக் கைப்பு உண்டு. ஆகையால் மாவை நீரில் ஊறவிட்டு, மேலே தெளியும் நீரை வடித்த பின்னரே கூழிற் கரைப்பர். இதற்குப் பொறுமை வேண்டும். கைப்புக்கு அஞ்சி மாவைக் குறைத்தால் எஞ்சுவது மீன் சாறே. அன்று நாங்கள் குடித்ததும் ஏறக்குறைய அதுவே.

கடைக்காரரை நான் குறை கூறேன். மாவுக்கு அவர் எங்கே போவார்? போரிலே பனைகள் பெருந்தொகையாய் அழிந்தன. எஞ்சிய மரங்களின் கீழ் விதை பொறுக்குவோர் அரியர். வட மாகாண விவசாயத் திணைக்களத்தின் ஏற்பாட்டில் பெண்களே நடத்தும் 'அம்மாச்சி' உணவகங்களில் குரக்கனும் உழுந்தும் மீண்டும் மதிப்புப் பெற்றிருப்பது ஆறுதலே. எனினும் அங்கே மரக்கறி உணவே கிடைக்கும். எங்கள் வீட்டிலும் ஆனியில் நாகபூஷணி அம்மன் திருவிழா முடியும்வரை மச்சம் இல்லை. அதன் பின்னரே பெரிய பானை அடுப்பேறும். அயலவர் அனைவரும் முற்றத்தில் வட்டமாய்க் குந்தியிருப்பர். ஒருவருக்கென்று கூழ் காய்ச்சியதை யான் கண்டதில்லை.

சிறுவன் இரண்டாம் கிண்ணமும் கேட்டு வாங்கிக் குடித்தான். இவ்வாண்டு புரட்டாதியில் எம் பாடசாலைத் தோட்டத்து மூலையில் பாத்தி போட இருக்கின்றோம். தைப்பொங்கல் கழிந்ததும் கிழங்கு கிண்ட வருமாறு அவனிடம் சொல்லியிருக்கின்றேன்.