அறளை என்று அலட்சியம் செய்யலாமா?

முதியவரொருவர் கேட்டதையே மீண்டும் மீண்டும் கேட்டால், "அறளை பெயர்ந்துவிட்டது" என்று சொல்லி வாளாவிருப்பது நம்மவர் வழக்கம். சிகிச்சைக்கு முதற்றடை இவ்வெண்ணமே. 1906ஆம் ஆண்டிலேயே ஜேர்மானிய வைத்தியர் அலோய்ஸ் அல்சைமர், இறந்த நோயாளி ஒருவரின் மூளையை ஆராய்ந்து, இத்தகைய மறதிக்குக் காரணமான மாற்றங்களை எடுத்துக்காட்டினார். தைரொயிட் சுரப்புக் குறைவாலும் விற்றமின் பீ12 குறைவாலும் உண்டாகும் மறதியோ, தக்க சிகிச்சையால் தணியவுங்கூடும்.

நோயாளி பெரும்பாலும் தம் நோயை உணரார். பல்வலியைக்கூட எடுத்துரைக்க இயலாதிருப்பார். அரசாங்க வைத்தியசாலையிற் கட்டணமில்லை. ஆயினும் அழைத்துச் செல்லவும் உடன் காத்திருக்கவும் ஆள் வேண்டுமன்றோ? ஊரார் பேச்சுக்கு அஞ்சி ஒளித்துவைக்கும் குடும்பங்களும் உள.

ஆதலின், மறதி தொடங்கிய காலத்தையும் உட்கொள்ளும் மருந்துகளையும் குறித்துக்கொண்டு, வீட்டிலொருவர் தாமதியாது அவருடன் வைத்தியரிடம் செல்வாராக.