சாட்சிகளை எண்ணுவதா, எடைபோடுவதா? கொத்துத் தரவும் சாதிப் பாகுபாட்டின் நிரூபணமும்

பதவி உயர்வில் இடஒதுக்கீடு தொடர்பான எம்.நாகராஜ் வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2006ஆம் ஆண்டு 'அளவிடத்தக்க தரவு' கேட்டது. அன்றுமுதல் சமூகநீதி வழக்குகள் எண்களின் வழக்குகளாகவும் ஆகிவிட்டன. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் தம் பின்தங்கிய நிலையை மீண்டும் தரவுகொண்டு மெய்ப்பிக்கத் தேவையில்லை என்று 2018இல் ஜர்னைல் சிங் வழக்கு தெளிவுபடுத்தியது. எனினும், போதிய பிரதிநிதித்துவம் இல்லை என்பதற்குத் தரவு வேண்டும் என்ற நிபந்தனை நீங்கவில்லை. அதே வழக்கின் தொடர்ச்சியாக 2022 ஜனவரியில் வந்த தீர்ப்பு, அத்தரவை ஒட்டுமொத்தப் பணித்துறை அளவில் அல்லாமல் ஒவ்வொரு கேடர் அளவிலும் திரட்ட வேண்டும் என்றது. பலர் நடைமுறை நுணுக்கம் என்று கடந்துபோன வரி அது. நம் பார்வையில் அத்தீர்ப்பின் உயிர்நாடி அதுதான். கீழ்நிலைப் பதவிகளையும் மேல்நிலைப் பதவிகளையும் ஒன்றாகக் கூட்டி எண்ணினால், மேலே உள்ள வெற்றிடம் கீழே உள்ள கூட்டத்தில் மறைந்துபோகும்.

எதை அலகாகக் கொண்டு எண்ணுவது என்ற இக்கேள்வியைப் புள்ளியியலாளர்கள் 'கொத்துத் தரவு' என்ற தலைப்பின்கீழ் நெடுங்காலமாக விவாதித்து வருகின்றனர். களஆய்வு செய்யும் தோழர்களும் அந்த ஆய்வை வழக்குமன்றத்துக்குக் கொண்டுசெல்லும் நாமும் அதை அறிந்திருக்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

சட்டத்திலிருந்தே தொடங்குவோம். ஒரு செய்தியை மெய்ப்பிக்க இத்தனை சாட்சிகள் வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. பழைய இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 134ஆம் பிரிவு இதைத் தெளிவாகக் கூறியது. சாட்சிகளை எண்ணக்கூடாது, எடைபோட வேண்டும் என்பது வழக்கறிஞர்கள் அன்றாடம் சொல்லும் கோட்பாடு. ஒரே இடத்தில் நின்று ஒரே காட்சியைக் கண்ட இருபது பேரைக் கூண்டில் ஏற்றினாலும், பதினொன்றாவது சாட்சி புதிதாக எதையும் கூறப்போவதில்லை.

களஆய்விலும் நிகழ்வது இதுவே. ஒரு கணக்குக்காக, 50 ஊர்களில் ஊருக்கு 20 வீடுகள் என 1000 வீடுகளில் குடிநீர்க் குழாய் பற்றிக் கேட்டதாக வைத்துக்கொள்வோம். நம்மிடம் உள்ளவை 1000 விடைகள். ஆனால் ஒரு தெருவுக்குக் குழாய் வராவிட்டால் அத்தெருவின் எல்லா வீடுகளும் 'வரவில்லை' என்றே கூறும். ஒரே கொத்தில் உள்ளோரின் விடைகள் எந்த அளவுக்கு ஒத்துப்போகின்றன என்பதைச் சுழிக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட ஓர் எண்ணால் குறிக்கலாம். லெஸ்லி கிஷ் என்னும் புள்ளியியலாளரின் பெயரோடு அறியப்படும் எளிய வாய்ப்பாடு ஒன்று உண்டு. கொத்தின் அளவில் ஒன்றைக் கழித்து, அதை அந்த ஒப்புமை எண்ணால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். வரும் எண்ணால் மொத்த விடைகளை வகுத்தால் மெய்யான எடை கிடைக்கும்.

ஒப்புமை 0.1 என்றால் வகுஎண் 2.9. ஆயிரம் விடைகளின் எடை ஏறத்தாழ 345. ஒப்புமை 0.5 என்றால் வகுஎண் 10.5, எடை வெறும் 95. ஒப்புமை ஒன்றை எட்டிவிட்டால் எஞ்சுவது 50, அதாவது ஊருக்கு ஒரு சாட்சி.

பிற நாட்டுப் பாடநூல்கள் பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றைக் கொத்துக்கு எடுத்துக்காட்டாகத் தருகின்றன. நம் நாட்டில் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. ஊர் வேறு, சேரி வேறு என்று பிரித்து வைத்ததே சாதி. குழாயும் சாலையும் தெருவிளக்கும் சுடுகாட்டுப் பாதையும் வீடுவீடாகப் பிரித்துத் தரப்படுவதில்லை, குடியிருப்புவாரியாகவே தரப்படுகின்றன, மறுக்கப்படுகின்றன. ஆகவே சாதி குறித்த தரவில் ஒப்புமை எண் பெரிதாக இருப்பது தற்செயலன்று. நாம் எதை அளக்க முயல்கிறோமோ அதன் தழும்பே அந்த எண்ணில் தெரிகிறது.

இனி ரிக்ரஷனுக்கு வருவோம். தமிழ்ப் பாடநூல்கள் இதைத் தொடர்புப் போக்கு என்கின்றன. ஒரு விளைவு பல காரணிகளோடு எவ்வாறு சேர்ந்து மாறுகிறது என்பதைக் கணக்கிடும் முறை இது. ஒவ்வொரு காரணிக்கும் ஒரு கெழுவையும், அக்கெழுவை எவ்வளவு நம்பலாம் என்பதற்கான திட்டப் பிழையையும் தரும். ஸ்டேட்டா, ஆர் முதலிய எந்த மென்பொருளில் சாதாரண ரிக்ரஷனை இயக்கினாலும், ஒவ்வொரு வரியும் தனித்தனிச் சாட்சி என்றே அது எடுத்துக்கொள்ளும். இவர்கள் ஒரே தெருவைச் சேர்ந்தவர்களா என்று நம்மைக் கேட்காது. எச்சரிக்கையும் தராது.

இதனால் விளையும் கேட்டை முன்சொன்ன 50 ஊர்களிலேயே காணலாம். ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட ஊர்களில் குழாய் இணைப்பு கூடியிருக்கிறதா என்று பார்க்கிறோம். ஒதுக்கீடு என்பது ஊர் முழுமைக்கும் பொதுவான செய்தி. ஒப்புமை எண் 0.5 எனில், சாதாரண முறை 4 புள்ளிகள் என்று காட்டும் பிழை வரம்பு உண்மையில் 13 புள்ளிகளாக இருக்கும். 10.5இன் வர்க்கமூலம் 3.24 என்பதே இதற்குக் காரணம். 'உறுதி' என்று நாம் அறிக்கை வெளியிட்ட செய்தி, எதிர்த்தரப்பு நிபுணரின் ஒரே கேள்வியில் 'இருக்கலாம்' என்றாகிவிடும். இப்பிழையை நம் தோழர்கள் மட்டுமே செய்கிறார்கள் என்றில்லை. பெர்ட்ராண்ட், டுஃப்லோ, முல்லைநாதன் ஆகிய மூவரும் 2004இல் வெளியிட்ட ஆய்வு, பொருளாதார அறிஞர்களே இதைப் பரவலாகச் செய்துவந்ததைக் காட்டியது. நடக்காத சட்டத்தை நடந்ததாக வைத்து அவர்கள் சோதித்தபோது, ஐந்து விழுக்காடு மட்டுமே தவறவேண்டிய சோதனை 45 விழுக்காடு வரை பொய்யான விளைவைக் 'கண்டுபிடித்தது'.

கொத்து என்றாலே நம் சான்று வலுவிழக்கும் என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடக் கூடாது. நேர்மாறானதும் நடக்கும். அதற்கு நம் நாட்டிலேயே சிறந்த சான்று உண்டு.

சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007இல் 'எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஆங்கில நாளேடுகளில் வந்த தனியார் துறை வேலை விளம்பரங்களுக்கு, தகுதியில் ஒத்த விண்ணப்பங்களை அவர்கள் அனுப்பினர். ஒரே விளம்பரத்துக்கு உயர்சாதி இந்துப் பெயரில் ஒன்று, தலித் பெயரில் ஒன்று, முஸ்லிம் பெயரில் ஒன்று. 66 வாரங்களில் 548 விளம்பரங்களுக்கு 4808 விண்ணப்பங்கள். அதாவது விளம்பரத்துக்குச் சராசரியாக ஒன்பதுக்குச் சற்றுக் குறைவு. இங்கே கொத்து என்பது விளம்பரம். ஒரு நிறுவனம் பலரை அழைக்கும், இன்னொன்று யாரையும் அழைக்காது. ஒரே நிறுவனத்துக்குச் சென்ற விண்ணப்பங்களின் முடிவுகள் ஒன்றையொன்று சார்ந்தவை.

முந்தைய எடுத்துக்காட்டோடு உள்ள வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். அங்கே நாம் ஆராய்ந்த காரணி ஊருக்கு ஊர் மாறியது. இங்கே சாதிப் பெயர் ஒரே கொத்துக்குள்ளேயே மாறுகிறது. நிறுவனத்தின் கடுமையும் தாராளமும் மூவருக்கும் பொது என்பதால் ஒப்பீட்டிலிருந்து கழிந்துவிடுகின்றன. இத்தகைய வடிவமைப்பில் கொத்தை மதித்துக் கணக்கிட்டால் சான்றின் துல்லியம் பெரும்பாலும் கூடவே செய்யும்.

விண்ணப்பங்கள் விளம்பரவாரியாகக் கொத்தாக இருப்பதைக் கணக்கில் எடுக்கும் பலநிலை மாதிரியுருவை அவ்விருவரும் பயன்படுத்தினர். உயர்சாதிப் பெயரோடு ஒப்பிடும்போது அழைப்பு வருவதற்கான வாய்ப்பு வீதம் தலித் பெயருக்கு 0.67 மடங்காகவும் முஸ்லிம் பெயருக்கு 0.33 மடங்காகவும் இருந்தது. இவ்வெண்களை நம் மேடைகளில் '33 விழுக்காடு குறைவு' என்று கூறுவோர் உண்டு. அது சரியன்று. வாய்ப்பு வீதம் என்பது அழைக்கப்பட்டோரை அழைக்கப்படாதோரால் வகுத்துப் பெறுவது. விளக்கத்துக்காக, உயர்சாதிப் பெயரில் நூறில் 20 பேருக்கு அழைப்பு வருவதாகக் கொண்டால், வீதம் 20க்கு 80, அதாவது 0.25. அதன் 0.67 மடங்கை மீண்டும் விழுக்காடாக்கினால் நூறில் 14 பேர். குறைவு 28 விழுக்காடு. கொடுமை குறைந்துவிடவில்லை. ஆனால் குறுக்கு விசாரணையில் நம் எண் நிற்க வேண்டுமல்லவா?

இவ்வகை மாதிரியுருவின் 0.67 இன்னொன்றையும் சொல்கிறது. ஒரே நிறுவனத்தின் முன் நிற்கும் சம தகுதியுடைய இருவரைப் பற்றிய எண் அது, நாட்டின் எல்லா விண்ணப்பங்களையும் ஒன்றாகக் கொட்டி எடுத்த சராசரி அன்று. பாகுபாட்டு வழக்கில் சட்டம் கேட்கும் கேள்வியும் இதுவே: சமமான இருவரை ஒருவரே வேறுவேறாக நடத்தினாரா? கொள்கை வகுக்கும் அரசுக்கு வேண்டியது மற்றைய சராசரியாக இருக்கலாம். அதற்கு வேறு முறை உண்டு. எந்தக் கேள்விக்கு எந்த எண் என்பதை முதலிலேயே முடிவுசெய்துகொள்ள வேண்டும்.

மென்பொருளில் செய்வது கடினமன்று. ஊரின் வேறுபாடுகளைத் தனியே ஆராயாமல் திட்டப் பிழையை மட்டும் திருத்தினால் போதும் என்றால், ஸ்டேட்டாவில் ரிக்ரஷன் கட்டளையின் இறுதியில் 'விசிஇ கிளஸ்டர்' என்ற தெரிவைச் சேர்த்து, ஊரின் குறியெண் உள்ள பத்தியின் பெயரைத் தர வேண்டும். கெழுக்கள் மாறாது, அவற்றின் நம்பகம் மாறும். இலவசமாகக் கிடைக்கும் ஆர் மென்பொருளில் 'சாண்ட்விச்' தொகுப்பு இதைச் செய்யும். தோரட், அட்டவெல் செய்தது போன்ற பலநிலை மாதிரியுருவுக்கு ஆர் மென்பொருளின் 'எல்எம்இ4' தொகுப்பு உண்டு. அதில் அடைப்புக்குறிக்குள் ஒன்று என்ற எண்ணும், அடுத்து ஒரு செங்குத்துக் கோடும், அடுத்துக் கொத்தின் பெயரும் எழுதப்படும்.

எண்ணிக்கை பற்றி ஓர் எச்சரிக்கை. திட்டப் பிழைத் திருத்தம் கொத்துகள் நாற்பது, ஐம்பது இருக்கும்போது நன்கு வேலை செய்யும். எட்டு ஊர்களை மட்டும் வைத்துக்கொண்டு அதை நம்பக்கூடாது. குறைந்த கொத்துகளுக்கென கேமரன், கெல்பாக், மில்லர் ஆகியோர் 2008இல் முன்வைத்த மறுமாதிரி முறை போன்றவற்றை நாட வேண்டும். அதைவிட, களத்துக்குப் போகும் முன்பே திட்டமிடுவது மேல். ஒப்புமை எண் 0.5 உள்ள அதே 50 ஊர்களில் வீடுகளை 20இலிருந்து 40 ஆக்கினால் உழைப்பு இரட்டிப்பாகும், சான்றின் எடையோ 95இலிருந்து 98 ஆகும். அதே 1000 வீடுகளை 100 ஊர்களில் ஊருக்குப் பத்தாகப் பிரித்தால் எடை 182. நாமும் ஒரு காலத்தில், தங்கும் இடமும் அறிமுகமும் உள்ள சில ஊர்களிலேயே படிவங்களைக் கட்டுக்கட்டாக நிரப்பிவிட்டுப் பெருமைப்பட்டவர்கள்தாம்.

எல்லாவற்றிலும் நுட்பமான சிக்கல் வேறொன்று. திட்டப் பிழையைத் திருத்துவதற்கு மாற்றாக, ஒவ்வொரு கொத்துக்கும் தனி மாறியைச் சேர்த்துக் கொத்துக்குள் மட்டும் ஒப்பிடும் முறையும் உண்டு. நிலைவிளைவு என்பார்கள். ஊரைக் கொத்தாகக் கொண்டு இதைச் செய்தால், ஒரே ஊரின் சாதி இந்துத் தெருவும் சேரியும் நேருக்கு நேர் நிறுத்தப்படுகின்றன. வழக்குக்கு மிக ஏற்ற ஒப்பீடு இது. ஆனால் குடியிருப்பைக் கொத்தாகக் கொண்டு அதையே செய்தால் என்ன ஆகும்? சேரிக்குள் இருப்போர் அனைவரும் தலித்துகள். அங்கே ஒப்பிட ஆளில்லை. எல்லாக் குடியிருப்புகளும் அவ்வாறே இருந்தால் மென்பொருள் சாதி என்ற மாறியையே நீக்கிவிடும். கலந்து வாழும் சில தெருக்கள் இருந்தால் அவற்றை மட்டும் வைத்து ஓர் எண்ணைத் தரும். அந்த எண் சிறியதாக இருக்கும்போது, 'குடியிருப்பைக் கணக்கில் எடுத்தபின் சாதிக்கு விளைவில்லை' என்று ஒரு வரி எழுதப்படும். கணக்கில் பிழை இராது. சேரியில் வாழ்வதே சாதியின் விளைவு என்பதுதான் அவ்வரியில் விடுபட்டிருக்கும். சொத்து, கல்வி ஆகியவற்றைக் கட்டுப்படுத்திவிட்டு இதையே சொல்லும் அறிக்கைகளையும் இவ்வாறே வாசிக்க வேண்டும். ஒரு மாதிரியுருவைக் காணும்போது நாம் முதலில் கேட்க வேண்டியது, எதை எதோடு ஒப்பிட்டார்கள் என்பதைத்தான்.

தேசியக் குடும்பநல ஆய்வின் தரவைப் பதிவுசெய்து இலவசமாகப் பெறலாம். மாணவர்கள் பயிற்சிக்கு அதையே எடுத்துக்கொள்ளலாம். அதன் ஒவ்வொரு வரியிலும் கொத்தின் குறியெண் உள்ளது. கொத்துக்கு 22 வீடுகள் என்பது அதன் ஏற்பாடு. ஊர்ப்புறத்தில் கொத்து என்பது ஓர் ஊர் அல்லது பெரிய ஊரின் ஒரு பகுதி.

சொந்தமாகக் களஆய்வு செய்வோர் படிவத்தின் முதல் பக்கத்திலேயே மூன்று கட்டங்கள் வைக்க வேண்டும்: ஒன்றியம், ஊர், குடியிருப்பு. மூன்றாவது கட்டம் இல்லாத படிவத்தில் ஊரும் சேரியும் ஒன்றாகிவிடும், பின்னர் எந்த மென்பொருளாலும் அவற்றைப் பிரிக்க இயலாது. ஒவ்வோர் ஒன்றியத்திலும் ஊர்களுக்கு 1, 2, 3 என்று எண்ணிட்டிருந்தால், மென்பொருள் எல்லா ஒன்றியங்களின் முதலாம் ஊரையும் ஒரே ஊராக எடுத்துக்கொள்ளும். ஆகவே ஒன்றியத்தின் எண்ணையும் ஊரின் எண்ணையும் சேர்த்து எழுதிய புதிய குறியெண்ணை உருவாக்கிய பிறகே கணக்கைத் தொடங்க வேண்டும்.