கோபுரம் நிலைக்க நிதியும் நிலைக்க வேண்டும்

கட்டடம் எழுப்புவோர் பலர். அதனைக் காப்போர் சிலரே. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சில் 1904ஆம் ஆண்டு எழுந்த விவேகானந்தா ஆசிரமம் இதனை நமக்கு உணர்த்துகிறது. தமிழ்க் கல்விக்குத் தொண்டாற்றிய அவ்வாசிரமத்தின் நிலத்தில் அடுக்குமாடி எழுப்பும் திட்டம் 2014ஆம் ஆண்டு வெளிவந்தது. பணிகள் தொடர வருவாய் வேண்டும் என்பது அறங்காவலர் தரப்பு. மரபுச் செல்வம் மாறிவிடக் கூடாது என்பது எதிர்த்தோர் தரப்பு. பின்னர் ஆசிரமம் மரபுரிமைச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. ஆயினும், அறிவிப்பு மட்டும் கூரையைப் பழுதுபார்த்துவிடாது.

நம் ஆலயங்களுக்கும் இது பொருந்தும். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்பது முன்னோர் வகுத்த நெறி. கணக்கு நோக்கில், அது 144 மாத அவகாசம். எடுத்துக்காட்டாக, திருப்பணிக்கு 288,000 வெள்ளி தேவையெனில், மாதந்தோறும் 2,000 வெள்ளி ஒதுக்க வேண்டும். விலையேற்றத்திற்கெனச் சற்றுக் கூட்டியும் வைக்க வேண்டும். உண்டியல் வரவு முழுவதும் அந்தந்த ஆண்டின் திருவிழாவிலேயே கரைந்தால், இறுதியாண்டில் நன்கொடைச் சீட்டுடன் வீடு வீடாக அலைய நேரும்.

பிரிக்பீல்ட்சாயினும் கிள்ளானாயினும், மெய்யன்பர்கள் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஒன்றைக் கேட்டறிதல் நன்று: திருப்பணி நிதி தனிக் கணக்கில் உள்ளதா? அவ்வாறு கேட்பதும் இறைத்தொண்டே.