மேட்டுப்பாத்திக்கு தக்காளி வயல் மண்ணா? அள்ளும் முன் வேரை பாருங்க!

பாலக்கோடு,

தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு என்றாலே தக்காளி தான். இங்குள்ள மண்டியில் இருந்து வெளியூர்களுக்கு தக்காளி லாரி லாரியாக போகிறது. விலை இல்லாத சமயத்தில் பறிப்பு கூலி கூட கட்டாது என்று செடியிலேயே விட்டு விடுவதும் உண்டு. ஆனால் 2023-ம் ஆண்டு ஜூலை மாதம் தமிழகம் முழுவதும் கிலோ 100 ரூபாயை தாண்டியது. சென்னையில் ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு அரசே தக்காளி விற்க வேண்டி வந்தது. அந்த மாதிரி நேரத்தில் விளைகிற ஊர்க்காரர்களும் கால் கிலோ, அரை கிலோ என்று தான் வாங்க முடியும்.

வீட்டு பின்பக்கம் கொஞ்சம் இடம் இருந்தால் ஹாலோ பிளாக் கல்லை சுற்றி வைத்து, மண்ணை கொட்டி, மேட்டுப்பாத்தி கட்டி விடலாம். 4 பேர் உள்ள வீட்டுக்கு கீரை, மிளகாய், கத்திரி, தக்காளி ஓரளவுக்கு கிடைக்கும். ஆனால் முதல் முறை கட்டுகிறவர்கள் பலரும் ஒரே புகாரை தான் சொல்கிறார்கள். "செடி நல்லா வந்துச்சு, பூ எடுக்கிற நேரத்துல அப்படியே வாடிப் போச்சு" என்பது தான் அது. பழி விதை கடைக்காரர் மேல் விழுகிறது. பெரும்பாலும் கோளாறு பாத்திக்குள் கொட்டிய மண்ணில் இருக்கிறது.

இலவச மண்ணில் வரும் வினை

இந்த பகுதியில் சுலபமாக கிடைப்பது தக்காளி வயல் மண். எரு போட்டு உழுத மண் என்பதால் பார்க்க பொலபொலவென்று இருக்கும். தெரிந்தவர் வயல் என்றால் காசும் கேட்க மாட்டார்கள். ஆனால் வருஷக்கணக்கில் திரும்ப திரும்ப தக்காளி போட்ட மண்ணில் வேர் முடிச்சு நூற்புழு குடியிருக்க வாய்ப்பு அதிகம். கண்ணுக்கு தெரியாத இந்த புழு வேருக்குள் புகுந்து முடிச்சு முடிச்சாக வீங்க வைக்கும். வேர் தண்ணீர் இழுக்காது. காலையில் நன்றாக நிற்கும் செடி மதிய வெயிலில் துவண்டு விடும். தக்காளி மட்டும் இல்லை, கத்திரி, மிளகாய், வெண்டை, பாகல் என்று எதையும் இது விடாது.

எனவே மண் அள்ளும் முன் அந்த வயலில் உள்ள பழைய செடி நாலைந்தை வேரோடு பிடுங்கி கழுவி பார்க்க வேண்டும். வேரில் பாசி மணி கோர்த்தது போல வீக்கம் இருந்தால் அந்த மண் வேண்டாம். அவரை, தட்டைப்பயறு வேரிலும் முடிச்சு இருக்கும். அது நல்லது செய்யும் முடிச்சு. விரலால் தட்டினால் உதிர்ந்து விடும். நூற்புழு முடிச்சு உதிராது, வேரே வீங்கி இருக்கும்.

இன்னொரு சோதனையும் உண்டு. திடீரென்று வாடிய செடியின் தண்டை வெட்டி கண்ணாடி டம்ளர் தண்ணீரில் தொங்க விட்டால், சில நிமிஷத்தில் பால் போல வெள்ளை இழை இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இறங்கினால் அது பாக்டீரியா வாடல் நோய். அந்த மண்ணை வீட்டு பக்கமே கொண்டு வரக்கூடாது.

ஏற்கனவே நூற்புழு மண்ணை கொட்டி விட்டவர்களுக்கும் வழி இருக்கிறது. சித்திரை, வைகாசி வெயிலில் மண்ணை அரை அடி கனத்துக்கு பரப்பி, நன்றாக நனைத்து, மெல்லிய, கண்ணாடி போல உள்ளே தெரியும் பாலிதீன் தாள் போட்டு ஓரத்தை மண்ணால் மூடி விட வேண்டும். கறுப்பு தாள் கூடாது, வெயில் உள்ளே இறங்காது. 4 முதல் 6 வாரம் அப்படியே வெந்தால் புழு பெருமளவு குறையும். பிறகு பாத்திக்கு அரை கிலோ வேப்பம் புண்ணாக்கு கலக்கலாம். செண்டுமல்லி வேரும் நூற்புழுவை குறைக்கும். ஆனால் ஓரத்தில் 2 செடி நட்டால் பெரிய பலன் இல்லை. பாத்தி முழுக்க ஒரு பருவம் செண்டுமல்லி போட்டு, கடைசியில் வேரோடு கொத்தி விட வேண்டும். பூ விற்ற காசு தனி.

எத்தனை மூட்டை வேண்டும்?

8 அடி நீளம், 3 அடி அகலம், 1 அடி உயரம் பாத்திக்கு 24 கன அடி மண் கலவை பிடிக்கும். சிமெண்ட் மூட்டை கணக்கில் சொன்னால் சுமார் 20 மூட்டை. இதில் செம்மண் 10 மூட்டை, நன்றாக மக்கிய மாட்டு எரு 5 மூட்டை, தேங்காய் நார் தூள் 5 மூட்டை போட்டால் போதும். அகலம் 3 அடிக்கு மேல் போனால் நடுவில் கை எட்டாமல் பாத்திக்குள் கால் வைப்பார்கள். மண் இறுகி விடும்.

செம்மண் மட்டும் கொட்டினால் ஒரு மழைக்கு மேலே ஓடு கட்டி விடும். கலந்த பிறகு ஈர மண்ணை கைப்பிடி எடுத்து அழுத்தி விரலால் தொட்டு பாருங்கள். உடைந்து உதிர்ந்தால் பதம் சரி. கொழுக்கட்டை மாதிரி நின்றால் களி அதிகம், 2 மூட்டை மணலும் இன்னும் கொஞ்சம் எருவும் சேர்க்க வேண்டும். வீடு இடித்த மண் மட்டும் கூடவே கூடாது. அதில் சுண்ணாம்பும் சிமெண்டும் இருக்கும்.

பச்சை சாணியை அப்படியே போடுவது அடுத்த தப்பு. சூடு கிளம்பி நாற்று கருகும், வேர்ப்புழுவும் வரும். சாணி வாடை போய், கறுத்து, கையில் உதிர்ந்தால் தான் எரு. பாலக்கோடு கூட்டுறவு சர்க்கரை ஆலை அரவை காலங்களில் கிடைக்கும் பிரஸ்மட் கழிவும் அப்படித்தான். சில மாதம் மக்க விடாமல் போடக்கூடாது.

தேங்காய் நார் தூள்

தென்னை உள்ள ஊர் என்பதால் இதற்கு பஞ்சம் இல்லை. ஆனால் மக்காத நார் தூள் மண்ணில் உள்ள தழைச்சத்தை தானே தின்று விடும். செடி மஞ்சளாக நிற்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் முறைப்படி 1 டன் தூளுக்கு 5 கிலோ யூரியாவும் 5 புட்டி சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காக போட்டு மக்க வைக்க வேண்டும். கடையில் கட்டியாக வாங்குகிறவர்கள் 2, 3 முறை தண்ணீரில் ஊற வைத்து பிழிந்தால் உப்பு போய் விடும்.

2021-ம் ஆண்டு தமிழக அரசு மானியத்தில் கொடுத்த மாடித்தோட்ட தளையில் நார் கட்டிகள் இருந்தன. அது மாடியில் பாரம் ஏறாமல் இருக்க பைக்குள் போடுவதற்கு. தரை பாத்தியை அதை மட்டும் வைத்து நிரப்ப வேண்டியது இல்லை. அதேபோல தரை பாத்தியை மாடியில் கட்டி விடவும் கூடாது. மேலே சொன்ன 20 மூட்டை பாத்தி நனைந்தால் சுமார் 1 டன் எடை வரும். தொகுப்பு வீட்டு கூரை அதை தாங்கும் என்று நம்பி இறங்கக்கூடாது.

கலந்த உடனே விதைக்க வேண்டாம். 3 வாரம் லேசாக தண்ணீர் தெளித்து வைத்தால் கலவை சூடு தணிந்து அமுங்கும். ஆடிப்பட்டத்துக்கு நடுவதாக இருந்தால் ஆனி மாதமே கலந்து வைப்பது நல்லது. முதலில் சிறுகீரை தூவினால் 25 நாளில் பிடுங்கி விடலாம். அந்த வேரில் முடிச்சு இல்லை என்று பார்த்த பிறகு தக்காளி நாற்று நடலாம்.

போர் தண்ணீர் ஊற்றும் பாத்தியில் மேலே வெள்ளையாக உப்பு பூத்தால் சாம்பல் போடுவதை நிறுத்தி விட வேண்டும். மழை தண்ணீர் கிடைக்கும்போது பாத்தி வழிய ஊற்றினால் உப்பு கீழே இறங்கும். சந்தேகம் உள்ளவர்கள் அரை அடி ஆழத்தில் நாலைந்து இடத்தில் எடுத்து கலந்த அரை கிலோ மண்ணை நிழலில் உலர்த்தி தர்மபுரியில் உள்ள அரசு மண் பரிசோதனை நிலையத்தில் கொடுக்கலாம். பாப்பாரப்பட்டியில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலும் யோசனை கேட்கலாம். வாடிய செடி இருந்தால் வேரோடு பிடுங்கி ஒரு கவரில் போட்டு கையோடு கொண்டு போவது நல்லது.